வடிகட்டிய கஷாயம்

4-11-96, திங்கள்

காலையிலிருந்து மழை. குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

வண்ணார்பேட்டை வைத்தியர் அண்ணாச்சியின் மஞ்சள்காமாலைக் கஷாயத்தை ஆய்வகத்தில் வளர்த்த கல்லீரல் செல்கள் மேல் விட்டு இன்றோடு மூன்று நாள். நீலச் சாயம் விட்டு எண்ணினேன். செத்த செல்தான் சாயத்தை உள்ளே வாங்கும். ஒன்றிரண்டு தவிர எல்லாம் உயிரோடு. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சாருக்கு ஒரே சந்தோஷம். அறிக்கையை டைப் பண்ணச் சொன்னார்.

முக்கூடலில் அப்பாவும் இதே கஷாயம்தான் குடிக்கிறார். 'பயமில்லாமல் குடிங்க, நானே சோதித்துவிட்டேன்' என்று கடிதம் போட்டேன். தலைவலி. சோப்பு வாங்கணும்.

6-11-96, புதன்

அறிக்கை கேட்டு அண்ணாச்சி வந்தார். சோதித்த பாட்டிலைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, வெறுந்தண்ணியால்லா இருக்கு. மண்டிய எங்க?"

கிருமி சேர்ந்தால் செல் கெட்டுவிடும், அதனால் அடியில் தங்கும் மண்டியை வடிகட்டி எடுத்துவிட்டோம் என்றேன்.

"மண்டியிலதாம்மா மருந்தே இருக்கு. கலக்கித்தான் குடிக்கச் சொல்லுதேன்."

இத்தனை நாளும் யாருமே குடிக்காத ஒன்றைச் சோதித்திருக்கிறேன். அறிக்கையை நிறுத்தச் சொன்னேன். சார் முகம் கொடுத்துப் பேசவில்லை.

7-11-96, வியாழன்

மண்டியைக் காயவைத்து, அரைத்து, கிருமி போக ஆவியில் வைத்து, செல்களில் சேர்த்தாயிற்று. தூள் மூடியே செல் சாகலாம் என்று சார் சொன்னார். அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு தட்டில் வெறும் களிமண் தூள். மத்தியானம் இரண்டு தடவை கரண்ட் போனது. சாப்பிடவில்லை.

8-11-96, வெள்ளி

களிமண் தட்டு நன்றாக இருக்கிறது. மண்டித் தட்டு முழுக்க நீலம். மறுபடி எண்ணினேன். நீலம்தான். தட்டில் செல் செத்தால் மனுஷனுக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல முடியாது. எனக்கே பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன்.

முக்கூடல் வீட்டில் போன் கிடையாது. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன். அப்பாவின் கண் போன தடவையைவிட மஞ்சள். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், இனி கஷாயம் வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"ஏட்டி, நீ எழுதுன பொறவு மூணு வேளையும் குடிக்கேன். மண்டியக்கூட விடாம வழிச்சிருதேன். எம் மக பாத்துச் சொன்ன மருந்துல்லா."

டம்ளரை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை.