சட்டைக் கவிதைக்கு உன் குரல்

என் வாழ்க்கைத் துணையே, வீட்டில் ஒளிந்திருக்கும் பெருங்கவிஞரே! நலந்தானே? அம்மாவின் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலமே. ஆயினும் உன்மேல் எனக்கொரு வழக்குண்டு: நெஞ்சை உலுக்கும் கவிதை எழுதுகிறாய், அதை வாய்திறந்து படிக்க மட்டும் மறுக்கிறாய்!

பகலெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்கினாலும், மாலையில் உன் மொழிபெயர்ப்பாளனாய் நிமிர்கிறேன். நேற்று நூலக அரங்கில், நான் விட்டுவந்த சட்டையை நீ மடித்துவைக்கும் கவிதையைத் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் முழங்கினேன். ஊரில் தேர்தல் மேடைகளில் பேசிய பழக்கம் விடுமா? முன்வரிசையினர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினர். என் அறைத்தோழன் சிரித்தான்: "அண்ணே, அண்ணி மெதுவா சொன்னத நீங்க ஓட்டுக் கேக்குற மாதிரி கத்திட்டீங்களே!"

கேட்க வந்திருந்த பதிப்பாளர் அம்மையாரோ வரிகளில் உருகி, உன் கவிதைகளை நூலாக வெளியிட இசைந்தார். ஒரே நிபந்தனை: வெளியீட்டு விழாவில் எழுதியவர் குரலே ஒலிக்க வேண்டும்.

கூச்சத்தைத் தூக்கியெறி! கைப்பேசியில் பதிவுசெய். அடுக்களைக் கதவைச் சாத்தாதே. குழாய் நீர் விழும் ஓசையும், அம்மா உன்னை அழைப்பதும் உடன் வரட்டும். விழாவுக்கு அவற்றை வெட்டிவிடுவார்கள்; எனக்கு வேண்டும். வேலைக்கு நேரமாயிற்று. எழு, படி, இன்றே அனுப்பு!