கரண்ட் போனதும் குமிழைத் திருப்பு

இப்போதுதான் கரண்ட் போனது. சோற்றில் வைத்த கையோடு ஓடிப்போய் ரேடியோக் குமிழைத் திருப்பி அணைத்தேன். "பாட்டு நின்னா நின்னுட்டுப் போவுது, அதுக்கு ஏன் இந்த ஓட்டம்?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஏன் என்று உனக்குத்தான் தெரியும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை முடிந்து சைகோனிலிருந்து நீ கொண்டுவந்த டேப் ரிக்கார்டரைப் பார்க்க நம் உப்பளம் பேட்டையே திரண்டு வந்தது. "கரண்ட் போனா முதல்ல குமிழைத் திருப்பு, மத்ததெல்லாம் அப்புறம்" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! எனக்குத்தான் இருப்புக்கொள்ளாதே.

நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவிக்கு மறுநாள் மதராஸில் தொண்டை ஆபரேஷன். குரல் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புறப்படும் முன் அவள் பேச, நீ பதிவு செய்தாய். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள், உன்னைத் திட்டினாள், பாடத் தொடங்கினாள். பாதிப் பாட்டில் கரண்ட் போனது. வாசலில் கார் வந்து நிற்க, வழியனுப்ப நீ எழுந்து போனாய்.

நீ வந்ததும் கேட்கட்டுமே என்று நான் நாடாவைக் கையாலேயே பின்னால் சுற்றிவைத்தேன். குமிழ் பதிவிலேயே நின்றதைப் பார்க்கவில்லை, பாவி.

கரண்ட் வந்தது. சக்கரம் சுற்றியது, சத்தம் வரவில்லை. "வால்வு சூடாவணும்" என்றாய். கொஞ்சம் கழித்து, "பொறுடா, இப்ப வரும் பாரு" என்றாய். காத்திருந்தோம். அவள் குரலை அழித்து, அதன்மேல் நம் பேச்சு பதிந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

ஊமையாகத் திரும்பியவளிடம், "கரண்ட் போனதுல அழிஞ்சிடுச்சு" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாய். நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறமும் வெட்கமில்லாமல் அவள் கையால் காபி வாங்கிக் குடித்தேன்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் அவள் அந்த மெஷினை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மறுக்க முடியாமல் போட்டேன்.

"பொறுடா, இப்ப வரும் பாரு." உன் குரல். பின்னாலேயே என் அலறல்: "ஐயோ, நான்தான்டா நாடாவைச் சுத்திவச்சேன்! குமிழை மறந்துட்டேன்டா!"

அவசரமாக மெஷினை நிறுத்தினேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிலேட்டை எடுத்து எழுதினாள்: "இன்னொரு வாட்டி போடுங்கண்ணே."

குமிழ் எங்கே நிற்கிறது என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.