எந்தப் படத்திலும் இல்லாத வசனம்

என் பிஜு அண்ணாவுக்கு,

நீ இருந்திருந்தால் இதை வாட்ஸ்அப்பில் மூன்று வரியில் சொல்லியிருப்பேன். நீயும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு உன் வேலையைப் பார்த்திருப்பாய். இல்லாததால் கடிதம். நல்ல செய்தி ஒன்றும் கொண்டுவரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் கேம் புதிதாக வந்துவிட்டது.

பெயர் அதேதான், ‘உச்சை’. நம் பக்கத்தில் நண்பகலுக்கு உச்சை என்று சொல்வோம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதல்லவா, அதனால் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அர்த்தம் போட்டிருக்கிறார்கள். உன் பெயரும் இருக்கிறது. ‘மூலக்கதை’ என்று, கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே.

பேய்க் கேம் என்றால் இருட்டு வேண்டாமா என்று உன்னிடம் எத்தனை பேர் கேட்டார்கள்! நீ இருட்டே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய நேரம், முற்றத்தில் கண் கூசும் வெயில். கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்தில் இரண்டு அறைக் கான்கிரீட் வீடு. உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சிறுபிள்ளை. விளையாடுகிறவர்தான் அந்தப் பிள்ளை. முகமெல்லாம் பெயின்ட் வழிந்த ஒரு மனிதன் பிள்ளையைத் தேடி அறை அறையாக வருவான், சினிமா வசனம் பேசிக்கொண்டே. அவ்வளவுதான் கேம்.

அந்த மனிதன் யாரென்று உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது அப்பாவின் தொழில், மிமிக்ரி அவருடைய உயிர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அவர் ஏறாத திருவிழா மேடை இல்லை. தமிழ் வில்லன், மலையாள நாயகன், திக்கித் திக்கிப் பேசும் காமெடிக்காரன், எல்லாரும் அவர் தொண்டைக்குள் இருந்தார்கள். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஞாயிறு மதியம் குடித்துவிட்டு வரும்போது அதே ஆட்கள்தான் நம் வீட்டுக்குள்ளும் வந்தார்கள்.

எனக்கு எட்டு வயது, உனக்குப் பதின்மூன்று. நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். வில்லன் சிரித்தால் கட்டிலுக்கடியில் போக வேண்டும். காமெடிக்காரன் வந்துவிட்டால் அடி ஓய்ந்தது, ஆனால் வெளியே வரக்கூடாது. பழைய காதல் பாட்டு ஒன்றை முனகினால் அவர் குளிக்கப் போகிறார், நமக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அடிக்கும்போது தமிழ், மன்னிப்புக் கேட்கும்போது மலையாளம். எல்லையில் குடியிருந்தால் அப்படித்தான் போலிருக்கிறது.

“பேடிக்காத மக்கா, பயப்படாத, இது வில்லனாக்கும். இன்னும் அடுத்த ரூம்ல தான் நிக்கியாரு” என்று என் காதில் நீ சொன்ன சூடு இன்னும் இருக்கிறது.

எல்லாம் முடிந்தபிறகு நம் இருவரையும் சுவரோரம் உட்காரவைத்து ஒரு மிமிக்ரி ஐட்டம் செய்து காட்டுவாரே, அது உன் நினைவில் இருந்ததா? கை தட்ட வேண்டும். சத்தம் குறைந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

இதையெல்லாம்தான் நீ மூன்று வருடம் உட்கார்ந்து கேமாகச் செய்தாய். திருவனந்தபுரத்தில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலை, விடுமுறையெல்லாம் இதற்கு. குரலும் நீயே கொடுத்தாய். நடிகரைப் போலப் பேசிய அப்பாவைப் போல நீ பேசினாய். அதனால் எந்தக் குரலும் எந்த நடிகருக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமைதான் பயமாக இருந்தது. குரலைக் கேட்டுக் கேட்டு, எப்போது ஒளிய வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொண்டால் கடைசியில் பின்வாசல் வழியாகத் தப்பிக்கலாம்.

இணையத்தில் பிள்ளைகள் அதைத் தேடித் தேடி விளையாடினார்கள். ‘உச்சையில் ஒளிந்திருக்கும் சினிமாக்கள்’ என்று பட்டியல் போட்டார்கள். இந்தச் சிரிப்பு இந்தப் படம், இந்த முனகல் அந்தப் பாட்டு, சுவரில் மாட்டியிருக்கிற காலண்டர் இன்ன நடிகை. நான் பதறிப்போய் உனக்குப் போன் செய்தேன்.

நீ சிரித்தாய். “கண்டுபிடிக்கட்டு மக்கா. படத்தத் தானே கண்டுபிடிக்கியானுவ? வீட்டக் கண்டுபிடிக்காம இருந்தாப் போரும்.”

அடுத்த மழைக்காலத்தில் அமரவிளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சறுக்கின உன் பைக் லாரிக்கு அடியில் போய்விட்டது. அடக்கம் முடிந்து ஏழாம் நாள் அம்மா ஒரு பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு பெருங்கடவிளைக்கு, என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. உனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். உன் கேமைப் பெரிதாக, புதிய முறையில் எடுக்கிறோம் என்றார்கள். வாரிசு என்று நாங்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அப்பா போட்டார். அம்மா காட்டின இடத்தில் போட்டாள். நான் முழுவதும் படித்தேன் அண்ணா, படித்துவிட்டுத்தான் போட்டேன். உன் பெயர் நாலு நாட்டுக்குப் போகும் என்ற ஆசை. அதனால் இனி நான் எழுதப்போவதில் யாரைத் திட்டினாலும் முதல் திட்டு எனக்குத்தான்.

புதியதில் வீடு அழகாக இருக்கிறது. வெயில் அப்படியே வெயில். முற்றத்தில் காயும் ரப்பர் ஷீட்டில் ஒவ்வொரு கோடும் தெரிகிறது. ஆனால் குரலுக்குத் தொழில்முறை மிமிக்ரிக் கலைஞர் ஒருவரை வைத்திருக்கிறார்கள். அச்சு அசல். வில்லன் சிரித்தால் அந்த நடிகரே சிரிக்கிறார். கேட்கிறவனும் சேர்ந்து சிரிக்கிறான். ஒவ்வொரு சினிமாவையும் கண்டுபிடித்தால் திரையில் ஒரு தங்க பிலிம் சுருள் வருகிறது, கூட்டம் கை தட்டுகிற சத்தம் கேட்கிறது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். குரல்களைக் கலைத்துவிட்டார்கள். எந்த வசனம் எப்போது வேண்டுமானாலும் வருகிறது. வில்லன் சிரித்தாலும் அவன் பக்கத்தில் இல்லை, பாட்டு முனகும்போதே கதவருகில் நிற்கிறான். காது கொடுத்துக் கேட்டு இனி எந்தப் பிள்ளையும் தப்பிக்க முடியாது. நாம் உடம்பால் படித்த பாடம் அவர்களுக்கு அலங்காரமாகிவிட்டது.

வெளியீட்டு விழா திருவனந்தபுரத்தில் ஒரு ஹோட்டலில், காலைப் பத்து மணிக்கு. அம்மா வரவில்லை. “அந்தச் சத்தம் நான் கேட்டது போரும். நீ போயிட்டு வா” என்றாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தொகுப்பாளினி திடீரென்று அப்பாவை மேடைக்கு அழைத்தாள். இந்தக் கேமின் உண்மையான நாயகன் இவர்தான் என்று மலையாளத்தில் அறிவித்தாள்.

வெள்ளைச் சட்டை, சாயம் பூசின முடி. மைக்கைப் பிடித்ததும் இருபது வயது குறைந்துவிட்டது அவருக்கு. “எனக்க மவனுக்கு இதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததாக்கும்” என்றார். ஒரு வரியாவது உண்மை சொன்னாரே என்று நினைத்தேன். பிறகு கேட்டுக்கொண்டார்கள் என்று வில்லனைச் செய்தார். அதே சிரிப்பு. அரங்கம் அதிர்ந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன். எழுந்து போயிருக்கலாம், கத்தியிருக்கலாம். எனக்கு முப்பத்துநாலு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இரண்டு பிள்ளைக்குத் தாய். நினைப்பதற்கு முன்னால் கை தட்டிவிட்டது. சத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டது.

அந்த வாரமே காட்டாக்கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கல்லூரி படிக்கிறாள், கேம்களில் ஒளிந்திருப்பதைப் பற்றி வீடியோ போடுகிறாளாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறாள்.

“சேச்சி, எல்லாம் கிட்டிச்சு, ஒரேயொரு டயலாக் தான் எந்தப் படம்னு தெரியல்ல. பழைய கேம்ல கடைசில அந்த ஆளு கதவுக்கு வெளிய நின்னு பறையும்லா, ‘கதவத் தொற மக்கா, அப்பன் ஒண்ணும் செய்யமாட்டேன்’னு. கமெண்டுல ஆளுக்கொரு படம் சொல்லுதாங்க. புதுசுல அத எடுத்துட்டு வேற வச்சிருக்காங்க.”

வைத்திருந்தது எனக்குத் தெரியும். வெளிநாட்டுப் பேய்ப்படம் ஒன்றில் கதவை உடைக்கிறவன் சொல்லும் வசனத்தைத் தமிழாக்கி வைத்திருந்தார்கள். எந்தப் படம் என்று கண்டுபிடிக்க முடியாததை அவர்களும் வேறு என்னதான் செய்வார்கள்?

நான் சொன்னேன். “அது எந்தப் படமும் இல்ல மக்களே. அது எங்க அப்பா. யாரப்போலயும் இல்லாம சொந்தக் குரல்ல பேசினா, அப்பத்தான் கதவத் தொறக்கக் கூடாது. ஒருதடவ நான் தொறந்தேன்.”

என் இடது முழங்கை ஏன் முழுதாக நீளாது என்பதையும் சொன்னேன். மற்ற குரல்களின் அர்த்தத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுமுனையில் அந்தப் பெண் அழுதாள். “இத நான் போடட்டா சேச்சி?” என்று கேட்டாள். போடு என்றேன். வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான் அண்ணா. கோபமா?

போட்டாள். பிறகு நடந்ததைச் சொல்கிறேன். செத்த அண்ணனை வைத்துத் தங்கச்சி விளம்பரம் தேடுகிறாள் என்றார்கள். கம்பெனி மேலாளர் மிக மரியாதையாகப் பேசினார், கொஞ்ச நாள் பேட்டி ஒன்றும் வேண்டாமே என்றார். ஊரிலிருந்து ஒரு மாமா வந்து, “பெத்த அப்பன இப்பிடிப் பேசலாமா? அவரு எம்பிட்டு நல்ல கலைஞன்!” என்றார். நம் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. நம் சத்தம் அவர் முற்றம் வரை கேட்கும். அதை அவரிடம் சொன்னேன். சாயாவை முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்.

அப்பாவும் போன் செய்தார். குரலில் கண்ணீர் ததும்ப, மலையாளத்தில், “மோளே, இந்த அச்சனோடு பொறுத்துக்கோ” என்கிற மாதிரி ஏதோ. எந்த நாயகன் எந்தக் காட்சியில் அப்படி அழுதான் என்று எனக்குத் தெரியும். சாகப்போகிற வயதில்கூட மன்னிப்பைக் கடன் வாங்கிக் கேட்கிறார். நான் போனை வைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மதியம் சோறு உண்டு முடித்ததும் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அவன் செய்த பழசு உண்டா? எனக்குக் காட்டு” என்றாள். என் லேப்டாப்பில் இருந்தது. அம்மா ஒன்றையும் தொடவில்லை, எங்கே போக வேண்டும் என்று சொன்னாள், நான் போனேன். கட்டில், அலமாரி, காலண்டர், எல்லாவற்றையும் அடையாளம் கண்டாள். வில்லன் சிரித்தபோது என் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுக்களைக்குப் போகச் சொன்னாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

“பின்னால போய்ப் பாரு” என்றாள். கிணற்றடி காலி. துணி காய்கிற இடம் காலி. திரும்பவும் அடுக்களை.

“நான் எங்க மக்கா?”

“நீ இதுல இல்லம்மா.”

“நான் அங்கதான நின்னேன். அடுக்களையில தான் நின்னேன். எல்லாம் கேட்டுட்டே நின்னேன்.” திரையில் அந்த அடுப்பைச் சுட்டிக் காட்டினாள். “எனக்கு அடி படாண்டாம்னு வைக்காம விட்டானா? இல்ல, நான் வரல்லன்னு விட்டானா?”

முதலாவதுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. திரையில் அடுப்பில் சோறு கொதித்தபடியே இருந்தது. எது உண்மை? இரண்டுமா? அம்மாவுக்காவது ஒருநாள் கனவில் வந்து சொல்லக்கூடாதா?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். உன்னைப் பற்றி இனி யார் கேட்டாலும், பெரிய திறமைசாலி என்று சொல்லிவிட்டு நகர மாட்டேன். பயந்த பிள்ளை, பயந்துகொண்டே தங்கச்சியை முதலில் பின்வாசல் வழியாகத் தப்பவிட்டுத் தான் பின்னால் நின்ற பிள்ளை என்று சொல்வேன். அம்மாவிடமும் அதையே சொல்வேன், அவள் அழுதாலும் சரி.

உன்னோடு கூடப்பிறந்து, உன்னைவிட மூத்தவளாகிக்கொண்டிருக்கும் தங்கச்சி,
பிந்து
பெருங்கடவிளை