ஒரு கொத்துக் கறிவேப்பிலை

கல்கத்தா
12.2.1998

என் மறதிக்காரருக்கு,

நீங்கள் வேலை விஷயமாக ஹால்தியாவுக்குக் கிளம்பியதும் உங்கள் பழைய ஆபீஸ் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே காய்ந்து சருகான கறிவேப்பிலை, கொத்துக் கொத்தாக!

கீழ்வீட்டு வங்காளி அண்ணி தந்த தொட்டிலை ஒரு நாள்கூட ஆட்டாமலே திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து நான் வாசல்படி தாண்டவில்லை. நடக்கச் சொன்ன டாக்டரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்களோ தினமும் மார்க்கெட்டிலிருந்து வந்து, "அடடா, கறிவேப்பிலையை மறந்துட்டேனே! நீயும் கூட வாயேன்" என்பீர்கள். கறிவேப்பிலை இல்லாமல் என்ன ரசம் என்று திட்டிக்கொண்டே செருப்பை மாட்டுவேன். பக்கத்திலிருக்கும் லேக் மார்க்கெட்டுக்கு ஏரியைச் சுற்றிக்கொண்டு ஏன் போகிறோம் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

முதலில் ஒரு பெஞ்சு தூரத்துக்கே மூச்சு வாங்கியது. இப்போது முழுச் சுற்று நடக்கிறேன். வேளைக்குப் பசிக்கிறது. மாத்திரை போடாமலே தூங்கிவிடுகிறேன். போன வாரம் ஏரிக்கரையில் யாருடைய குழந்தையோ என் புடவையைப் பிடித்து இழுத்தபோது சிரித்தேன். நீங்கள் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பொய்யரே, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

வீட்டில் கறிவேப்பிலை நிறையவே இருக்கிறது. ஆனாலும் இன்று காலை தனியாகக் கிளம்பி, ஏரியைச் சுற்றிப் போய், இன்னும் ஒரு கொத்து வாங்கி வந்தேன்.

இப்படிக்கு,
திட்டிக்கொண்டே கூட வருகிறவள்