கராஜில் வைத்த கஞ்சி

கேட்டி, டெக்சாஸ்
ஷவ்வால் பிறை 11

அன்புள்ள ருகையா மச்சிக்கு, உங்கள் நாத்தனார் தாஜ் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் தஹ்ஸீன் வாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. வீட்டுக்காரரை இழந்து இத்தாவில் இருக்கும் உங்களுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை எழுதுவதுதான் முறை. நான் அதற்காக எழுதவில்லை. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் உங்கள் துக்கத்தை மறந்து என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவீர்கள். அந்த வசதி எனக்கு வேண்டாம். அதனால்தான் இந்தக் கடிதத்தை மகள் தஹ்ஸீன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

என் கூடப்பிறந்த காக்கா சேக் தாவூதின் மௌத்துச் செய்தி சொன்ன அன்று தஹ்ஸீன் வாப்பா உங்களிடம், காக்கா வழக்கம்போல டூட்டியில் இருந்தபோது இரண்டு பேர் துப்பாக்கியோடு கடைக்குள் நுழைந்துவிட்டார்கள், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொன்னார். துப்பாக்கியோடு வந்தது உண்மை. வழக்கமான டூட்டி என்பது பொய். அந்தச் சனிக்கிழமை மாலை காக்காவுக்கு லீவு. அவரைக் கடையில் நிற்கவைத்தது நான்.

இந்தப் புது வீட்டைப் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். வாசலில் தூண், நாலு கார் நிற்கும் கராஜ். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே அறையில் படுத்து, ஒருவர் மாற்றி ஒருவர் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் கடையில் நின்றார்கள். இன்று பதினொரு கேஸ் ஸ்டேஷன் எங்கள் பெயரில் இருக்கிறது. காக்கா மட்டும் கடைசிவரை கல்லாவிலேயே நின்றார். பார்ட்னராகச் சேரச் சொல்லியும் அவர்தான் கேட்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டோம் மச்சி. அதுவும் மறுத்துவிடுவார் என்று தெரிந்துகொண்டு.

பணம் வந்ததோடு எனக்கு ஒரு பயமும் வந்தது. பள்ளிவாசலில் டாக்டர் வீட்டுப் பெண்கள் முதலில் என் கைப்பையைப் பார்ப்பார்கள், பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் நான் பேச்சை மாற்றுவேன். அப்படி இருக்கும்போது, முப்பது வருடமாக ஹூஸ்டனில் பேரோடு இருக்கும் ஓர் இதய டாக்டர் வீட்டிலிருந்து தஹ்ஸீனைப் பெண் கேட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழக்கரையில் நாங்கள் பரம்பரையாக முத்து வியாபாரம் என்று வாய் கூசாமல் சொன்னேன். எங்கள் வாப்பா முத்துக்கடையில் கதவு திறந்துவிட்டவர் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அந்தச் சனிக்கிழமை நோன்பு திறக்க அவர்களைக் குடும்பத்தோடு அழைத்தேன். காக்கா வந்தால் சத்தமாகச் சிரிப்பார். நானும் தங்கச்சி மாப்பிள்ளையும் சேர்ந்துதான் கேஸ் ஸ்டேஷன்ல கக்கூஸ் கழுவுனோம் என்று பெருமையாகவே சொல்வார். அதனால் அன்று மாலை ஷிஃப்டுக்கு வரவேண்டிய பெண்ணை நானே போனில் கூப்பிட்டு, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு காக்காவிடம், ஆள் வரவில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

சரி தங்கச்சி, நீ சங்கடப்படாதே, கஞ்சிய மட்டும் கொண்டாந்து வச்சிட்டுப் போயிர்றேன், கஞ்சி இல்லாம என்ன நோன்பு தொறப்பு என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். வாசலில் விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள், கராஜ் பக்கமாக வரச் சொன்னேன். நீங்கள் கொடுத்தனுப்பிய அந்தத் தேக்சாப் பாத்திரத்தைச் சூடு ஆறாமல் துண்டில் சுற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். நோன்போடு ருசி பார்க்காமலே உப்புப் போடுவார், என்றைக்கும் கூடாது குறையாது. தஹ்ஸீனைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். மேக்கப் நடக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கஞ்சியை நான் உள்ளே எடுத்துவரவில்லை.

பொழுது சாய்ந்து மகரிபு ஆனதும் எல்லோரும் பேரீச்சம்பழம் எடுத்தார்கள். மேஜை நிறைய அரபு ஹோட்டல் சாப்பாடு. டாக்டர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, நோன்புக் கஞ்சி இல்லையா என்று கேட்டார். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தபோது தமிழ் நண்பன் வீட்டில் குடித்தாராம், அந்த ஆசையோடுதான் வந்தாராம். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்று சொன்னேன் மச்சி. தஹ்ஸீன் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

கடையில் அது நடந்ததும் அதே நேரம்தான். கவுண்டரில் பாதி கடித்த பேரீச்சம்பழம் ஒன்று கிடந்ததாகப் போலீஸ்காரர் சொன்னார். விருந்தினர் போன பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது; மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தேக்சா கராஜிலேயே இருந்தது. திறந்தேன். கஞ்சி புளித்துப் போயிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது எனக்கு முகம் இருந்திருக்கும். அடக்கம் செய்த மூன்றாம் நாள் டாக்டர் மனைவி போன் செய்து, உங்கள் கடையில் வேலை பார்த்த ஒருவர் இறந்துவிட்டாராமே என்று விசாரித்தார். ஆமாம், பாவம், எங்கள் ஊர்க்காரர் என்றேன். ஒரு வயிற்றில் பிறந்தவரை ஊர்க்காரர் என்றேன். தஹ்ஸீன் பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஹி வாஸ் மை மாமா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் பெரிய மனதோடு, இதனால் ஒன்றும் மாறாது என்றார்களாம். இவள்தான் கல்யாணம் வேண்டாம் என்று வந்துவிட்டாள். என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட உட்காருவதில்லை. ஊரில் ருகையா மாமியோடு இருக்கிறேன் என்று டிக்கெட் போட்டுவிட்டாள்.

அவளை வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள், ஆனால் நீங்கள் பேசுவதெல்லாம் புரியும். தேக்சாவையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். எத்தனை தடவை தேய்த்தும் அடியில் வெந்தய வாசனை போகவில்லை.

அல்லாஹ் காக்காவின் கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. உங்களுக்குப் பொறுமையைத் தருவானாக. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இத்தா முடிந்து நாலு பேர் வந்துபோகும்போது யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், சேக் தாவூதின் தங்கச்சி என்று ஒரு தடவை சொல்லுங்கள். சொல்ல மனம் வராவிட்டால், ஊர்க்காரி என்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாஜ் நிஷா