றமீசாவை ஊருக்குக் கூப்பிடாதே

பேராதனை, 12.06.1983

ஆசியா உம்மாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உன் மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். இது என் கையாலேயே எழுதும் முதல் கடிதம். முன்பு எழுதித் தந்தவர் என் கோபத்தையெல்லாம் சலாமாக்கி அனுப்பினார். இனி அது நடக்காது.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று நம் மகள் றமீசாவை இந்த வருடம் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாய். நேற்று நான் சமைக்கும் விடுதிக்கு அழுதுகொண்டு வந்தாள்.

"வாப்பா, வெள்ளிக்கிழம சோதின இரிக்கி. உம்மா வரச் சொல்லித் தந்தி அடிச்சிரிக்கா."

"நீ படி மகள். உம்மாவோட நான் கதைக்கன்."

பல்கலைக்கழகத்தில் முதல் வருடச் சோதனையை நன்றாகச் செய்தால்தான் விரும்பிய பாடம் கிடைக்குமாம். அவளுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்குக் கூரையே போடவில்லை, உனக்கென்ன அவசரம்? அவள் வரமாட்டாள். பார்க்க ஆசையென்றால் நீ பஸ் ஏறி வா. நெத்தலிக் கருவாடு கொண்டு வா. நூறு பேருக்குச் சமைத்துவிட்டுத் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உதுமாலெவ்வை