நான் கொடுக்காத சம்மதம்

அன்புள்ள தொமோயாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் கோட்டைப் படிக்கட்டு ஏறியதில் கொஞ்சம் கூடியிருக்கிறது, அது அவருக்கு வேண்டியதுதான், ஏன் என்று கீழே எழுதுகிறேன். நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், இதைப் படித்து முடிக்கத் தெம்பு வேண்டுமே. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், அப்புறம் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய். கடிதம் பாதியில் அறுந்து போகாது.

போன வாரம் உன் அக்கா மிஹோ கடைக்கு வந்ததும் வராததுமாக, "ஞாயித்துக்கிழமை கடையப் பூட்டும்மா, மாட்சுமோட்டோ கோட்டையப் பாத்துட்டு, அங்கயே வெந்நீர் ஊத்துல குளிச்சு, சாப்பிட்டுட்டு வரலாம், நீ எங்கயும் போறதே இல்ல" என்றாள். எனக்கு அப்போதே இடித்தது. சுவாவில் குடியிருப்பவளை வெந்நீரில் குளிக்க வெளியூருக்குக் கூப்பிடுகிறார்கள். ஊற்று நம் தெருமுனையிலேயே கொதிக்கிறது. கோட்டையும் நமக்கு ஒன்று இருக்கிறது, சின்னது என்றாலும் கோட்டைதான். "இங்க இல்லாத வெந்நீரா அங்க இருக்கு?" என்று கேட்டேன். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அங்க தண்ணி வழவழன்னு இருக்கும்" என்றார். பஸ் ஓட்டின காலமெல்லாம் மாட்சுமோட்டோவுக்குப் போய்வந்த மனுஷன், ஒரு நாளும் அங்கே குளித்ததாகச் சொன்னதில்லை. சரக்கு விற்க வருகிறவன் விலையைச் சொல்லாமல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது பாருங்கள் என்று ஆரம்பித்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு விடுவேன். வீட்டு மனுஷர்களிடம் அந்தப் புத்தி எனக்கு வேலை செய்யவில்லை.

கோட்டை வாசலில் பார்த்தால் நீ கட்டப்போகிற அயானோவும் அவள் அப்பா கிரியாமாவும் நிற்கிறார்கள். அவள் ஊருக்கு லீவில் வந்திருப்பது எனக்குத் தெரியாது. மிஹோ "அட, நீங்களா! என்ன இப்படி!" என்று வாயைப் பிளந்தாள், பள்ளி நாடகத்தில் மரமாக நின்றாளே அப்போதே இதைவிட நன்றாக நடித்தாள். சரி, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள், பெற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார்கள், என்னிடம் முன்கூட்டிச் சொன்னால் நான் புது கிமோனோ, பரிசுப்பெட்டி என்று கிளம்பிவிடுவேன் என்று மறைத்திருக்கிறார்கள், இப்படி நானே எல்லோருக்காகவும் சமாதானம் தேடிக்கொண்டு குனிந்து வணக்கம் சொன்னேன். நீ அவளைக் கட்டுவதில் எனக்கு என்றைக்கும் மறுப்பு இருந்ததில்லை. உனக்கே தெரியும்.

உள்ளே எல்லோரும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் அல்லவா. காலுறையும் வீட்டுச்செருப்பும் விற்று உங்களைப் படிக்க வைத்தவள் நான், முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பேன். கிரியாமாவின் காலுறை குதிகாலில் ஒட்டுப்போட்டிருந்தது, நல்ல கம்பளி, ஒழுங்கான தையல். வீண் பந்தாக்காரர் இல்லை என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டேன். ஆனால் அவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. அந்தப் படிக்கட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், முழங்கால் நெஞ்சில் இடிக்கும், உன் அப்பா பாதியில் தூணைக் கட்டிக்கொண்டு, "இதுல ஏறித்தான் சண்டை போடணும்னா நான் கீழயே சரணடைஞ்சிருப்பேன்" என்று மூச்சு வாங்குகிறார், கிரியாமா நின்று, "எங்க முன்னோர் ஒருத்தர் இங்க வெடிமருந்துக் காவல் பாத்தவரு. அப்பலேர்ந்து இந்தப் பேரு அறுபடாம வருது. மிசோ விழுது செய்ய ஆரம்பிச்சதும் அதே பேர்லதான். எனக்கு ஒரே பொண்ணு. நல்ல வேளையா..." என்று ஆரம்பித்தார், அயானோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கவனித்தேன். என்ன நல்ல வேளை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கோட்டை ஜன்னலோரம், மலைக்காற்றில், கொஞ்சம் கௌரவமாகக் கோபப்பட்டிருப்பேன்.

அங்கிருந்து ஊற்று விடுதிக்குப் போனோம். முதலில் குளியல், அப்புறம் சாப்பாடு என்றுதான் ஏற்பாடாம். வெந்நீரில் ஊறி நான் இளகி உட்கார்ந்திருக்கும்போது விஷயத்தைச் சொல்வதாக உன் அப்பாவும் அக்காவும் திட்டம் போட்டிருக்கிறார்கள். நான் என்ன, மிசோவுக்கு ஊறவைத்து வேகவைக்கிற சோயா பீன்ஸா? ஆனால் பெண்களுக்கான குளியல் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள், கிரியாமாவுக்குப் பசி, சாப்பாடு முதலில் என்று ஆகிவிட்டது. தட்டு வைத்துவிட்டுப் பணிப்பெண் கதவைச் சாத்தியதும் அந்த மனுஷன் உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையைத் தள்ளிவிட்டு, பாய்த் தரையில் இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி படும்படி எனக்குக் குனிந்தார். "மியாசாகா அம்மா, உங்க ஒரே பையன எங்க வீட்டுக்குக் குடுத்து, எங்க பேர எடுத்துக்கச் சொல்லி மனசார சம்மதிச்சீங்களே, இந்த நன்றிய நான் எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றார்.

நான் சம்மதித்தேனாம். மனசார.

உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் சூப்புக் கிண்ணத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மிஹோவைப் பார்த்தேன், அவள் சுவரைப் பார்த்தாள். உடனே புரிந்தது, இவர்கள் இருவருக்கும் விஷயம் தெரியும், தெரியாத ஒரே ஆள் சம்மதித்தவள்தான். நீ கிரியாமா வீட்டுக்கு மாப்பிள்ளையாக மட்டும் போகவில்லை, தத்து மகனாகப் போகிறாய், ஊருக்குத் திரும்பி வந்து அவர்கள் மிசோக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய், மியாசாகா என்ற பெயரை விடப் போகிறாய், இதெல்லாம் எனக்கு நன்றியாக வந்து சேர்ந்தது. எதிரே குனிந்திருக்கிறவரின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல. எழுந்து கழிப்பறைக்குப் போனேன், முகத்தைக் கழுவினேன், கண்ணாடியில் பார்த்துப் பேச வேண்டியதை ஒரு தடவை பேசிப் பார்த்தேன், கதவைத் திறந்து நேராக வந்து அறைக்குள் நின்று, "நான் சம்மதிக்கல. என்னை யாரும் கேக்கவே இல்ல" என்றேன்.

எல்லோரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். கழிப்பறைக்குள் மட்டும் போடுகிற பிளாஸ்டிக் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு வராந்தா முழுக்க நடந்து, வெறுங்காலில் நுழைய வேண்டிய பாய் மேல், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பச்சைக் குழந்தைகூடச் செய்யாது. இந்த மாவட்டத்துப் பாதி விடுதிகளுக்கு வீட்டுச்செருப்பு விற்கிறவள், எது எந்த வாசலோடு நிற்க வேண்டும் என்று புது வேலைக்காரர்களுக்குப் பாடம் எடுத்தவள். உன் அப்பா நிலைமையைச் சரிசெய்கிறாராம், "என் சம்சாரம் எங்க போனாலும் சாம்பிள் காட்டாம வரமாட்டா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அயானோ எழுந்து வந்து, என் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி அதைக் கழற்றினாள், தன் கைக்குட்டையில் சுற்றி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து பாயையும் துடைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

கிரியாமா வெளுத்துப்போனார். மறுபடி தரையில் கையூன்றினார், இந்தத் தடவை மன்னிப்புக்கு. "கேட்டாச்சுன்னு உங்க பையன் சொன்னாரு. அத நம்பி நான் வாயத் தொறந்துட்டேன். என் தப்பு" என்றார். அந்த மனுஷன் கொஞ்சம் திமிராக ஏதாவது பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவர் மேல் கோபப்பட வழியில்லாமல் போயிற்று, அதையும் சேர்த்து உனக்கே எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறமும் குளிக்கத்தான் போனேன், காசு கொடுத்தாயிற்று. அயானோ பின்னாலேயே வந்து, "முதுகு தேச்சு விடட்டுமாம்மா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், முதுகு சரி என்றது. தேய்த்துக்கொண்டே சொன்னாள், "உங்க பையன் என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. அம்மா சிரிச்சுக்கிட்டே சரின்னாங்கன்னு." எந்த நாளில், எந்த நேரத்தில், நான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று நீயே எனக்கு எழுதி அனுப்பு. "நான் அவரக் கூப்பிட்டுத் திட்டட்டுமா, இல்ல நீங்க முதல்ல திட்டறீங்களா?" என்று கேட்டாள். நான் முதலில் என்றேன். "சரி, அப்ப எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள். தண்ணீர் வழவழவென்றெல்லாம் இல்லை, சாதாரணத் தண்ணீர்தான். பெண் நல்ல பெண். வராந்தாவில் வைத்திருந்த செருப்புகள் பசை விட்டுப்போன மலிவுச் சரக்கு, போய் நம் சரக்குக்கு விலை சொல்லச் சொல்லி மிஹோவிடம் கூறியிருக்கிறேன்.

வரும் வழியில் காரில் உன் அப்பா என்னிடம், "கிக்குனோ, பேருதானே மாறுது, பையன் அதே பையன்தான்" என்றார். மிஹோ, "நானும்தான் பேர மாத்திக்கிட்டேன், அப்ப நீ ஒண்ணும் சொல்லலியே" என்றாள். நீயும் இதையேதான் சொல்வாய், நானும் கல்யாணத்தில் பெயரை மாற்றிக்கொண்டவள்தானே என்றும் சொல்வாய். ஆமாம், மாற்றிக்கொண்டேன். உன் அப்பா எனக்குக் கொடுத்தது அந்தப் பெயர் ஒன்றுதான், அவர் வேலை பார்த்த பஸ் கம்பெனியில்கூட அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சந்தையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து, மொத்த வியாபாரிகள் வாசலில் நின்று, பலகையில் எழுதி மாட்டும் அளவுக்கு அதை ஆக்கியது நான். அவர்கள் பெயர் கோட்டைக்காலத்திலிருந்து வருகிறது, அதனால் அறுந்துபோகக் கூடாது. நம் பெயர் என்னோடு ஆரம்பித்தது, அதனால் என்னோடு போனால் பரவாயில்லை, இதுதானே நீங்கள் எல்லோரும் போட்ட கணக்கு? கடைக்காக நான் சண்டை போடவில்லை, கடை மிஹோவுக்கு, அவள் உன்னைவிட நன்றாக விற்பாள். குடும்பக் கல்லறையில் பொறித்த பெயருக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று உன் அப்பாவே கவலைப்படவில்லை, நான் எதற்கு. சட்டப்படி என் கையெழுத்து முத்திரையும் உங்களுக்குத் தேவையில்லை. என்னைக் கேட்காமலே செய்துகொள்ளலாம். கேட்காமல் செய்திருந்தால்கூடத் திமிர் பிடித்தவன் என்று திட்டிவிட்டு விட்டிருப்பேன். கேட்டதாகச் சொன்னாயே, அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் வாயில் என் வார்த்தையை நீ தயாரித்துப் போட்டு, அதை அடுத்த வீட்டில் விற்றிருக்கிறாய்.

கிரியாமா நேற்றுப் போன் செய்தார். கல்யாணப் பேச்சைத் தள்ளி வைக்கலாமா, என் பதில் என்ன என்று மிகவும் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கேள்வி இன்னும் எனக்கு வரல, வந்ததும் பதில் சொல்றேன்" என்றேன். ஆகையால் புத்தாண்டுக்கு முன் நீ விமானம் ஏறி வா. வீடியோவில் முகத்தைக் காட்டாதே, அக்காவை முன்னால் அனுப்பாதே. வீட்டுக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, உன் வாயால் கேள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது, முடியாது என்றும் சொல்லலாம். அதைக் கேட்க வேண்டியிருக்குமே என்றுதானே பயந்தாய். என் கடையிலிருந்து பசை விட்ட சரக்கு ஒன்றுகூட வெளியே போனதில்லை, அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க நெஞ்சில்லாத பையனை அந்த நல்ல பெண்ணின் வீட்டுக்கு எப்படிக் கொடுத்து அனுப்புவேன்?

நீயும் அவளும் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும், அந்த ஆசீர்வாதத்தை எந்தக் கோபமும் தொடாது. வயிற்றைக் குளிரில் விடாதே, கம்பளித் துணி சுற்றிக் கட்டிக்கொள். அயானோவுக்கு இன்றைக்கே போன் செய், திட்டினால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள், அவளுக்கு நான் நிறையவே மிச்சம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பதில் சொல்லக் காத்திருக்கும் உன் அம்மா,
மியாசாகா கிக்குனோ